முதலில் வழுக்கும் உரிமை

மாவீரர்கள் வெற்றியால் உருவாவதில்லை. தோல்வி என்னும் உளி கொத்தக் கொத்தத்தான் அவர்கள் கல்லுக்குள்ளிருந்து எழுந்து வருகிறார்கள். காலம் அவர்களைக் கீழே தள்ளுகிறது. மண்ணை முத்தமிட்டு அவர்கள் எழுகிறார்கள். சரித்திரம் எழுந்து நின்று வணங்குகிறது.

இந்த வாசகம் வேப்பந்தண்டலம் பஸ் நிறுத்தத்தில், ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு ஃப்ளெக்ஸில் தொங்கியது. வாசகத்துக்குப் பக்கத்தில் வேதகிரி கைகூப்பி நின்றார். உளி கொத்திய அடையாளம் எதுவும் அவர்மேல் தெரியவில்லை. கன்னமும் வயிறும் கொத்துவதற்கு முந்தைய கல்லைப் போலவே உருண்டையாக இருந்தன. கீழே 'இவண், அண்ணனின் தொண்டர்கள்' என்று போட்டிருந்தது. உத்திரமேரூரில் ஃப்ளெக்ஸுக்குச் சொல்லி, கயிறு வாங்கி, கட்டும்போது கீழே நின்று "லெப்டு பக்கம் கொஞ்சம் தூக்குப்பா" என்று குரல் கொடுத்த தொண்டர் வேதகிரிதான்.

தோல்வியைப் பொறுத்தவரை வாசகத்தில் பொய் கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் இரண்டு தடவை நின்றார், இரண்டு தடவையும் தோற்றார். கோழிப்பண்ணை வைத்தார், கோழிகள் சந்தைக்குப் போகாமல் வேறு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஏரியை ஒட்டி 'கிரி நகர்' என்று மனை பிரித்தார். ஐப்பசி மழைக்குப் பிறகு அங்கே கெளுத்தி மீன்கள் குடியேறின. இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது என்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வெங்கடேசன் நாலு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் வழி பிறந்தது. "தோத்தவருன்னு எழுதினா ஓட்டு வராது. செதுக்கப்பட்டவருன்னு எழுதிப்புடலாம்" என்றார். வேதகிரிக்குக் கண் கலங்கியது. தன்னைப் பற்றி இத்தனை நாள் யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை என்று அவருக்குப் பட்டது.

ஆனால் அந்த ஃப்ளெக்ஸில் வராத தோல்வி ஒன்று இருந்தது. அது வருஷா வருஷம் நடப்பது. மேளதாளத்தோடு நடப்பது.

கோகுலாஷ்டமிக்கு மறுநாள் வேப்பந்தண்டலம் பஜனை கோயிலுக்கு எதிரே உறியடியும் வழுக்குமரமும் நடக்கும். வழுக்குமரம் என்பது நன்றாக இழைத்த தேக்கு. மற்ற நாளெல்லாம் கோயில் சுவரோரம் படுத்துக் கிடக்கும். அன்றைக்கு மட்டும் விளக்கெண்ணெயும் வெந்தய விழுதும் பூசிக்கொண்டு எழுந்து நிற்கும். உச்சியில் ஒரு கப்பி, அதில் கயிறு. உறியை அந்தக் கயிற்றில் தொங்கவிட்டு ஏற்றி இறக்குவார்கள். உறியடி முடிந்ததும் பானையை எடுத்துவிடுவார்கள். கப்பிக்குப் பக்கத்தில் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சு. உள்ளே ஒரு பட்டுவேட்டி, ஒரு தேங்காய். ஏறி அந்த முடிச்சை அவிழ்ப்பவன் அந்த வருஷத்து வீரன்.

இந்த மரத்தின் ரகசியம் ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். முதலில் ஏறுகிறவன் மேல் எண்ணெய் முழுக்க வந்து ஒட்டும். இரண்டாவது ஆள் மிச்சத்தை வாங்கிக்கொள்வான். மூன்றாவது ஆள் மிச்சத்தின் மிச்சத்தை. இப்படி ஊரே உடம்பால் துடைத்து முடித்த பிறகு, பொழுது சாயும் நேரத்தில் எவனோ ஒருவன் சாவகாசமாக ஏறி முடிச்சை அவிழ்ப்பான். அவனுக்குப் பட்டுவேட்டி. துடைத்தவர்களுக்குச் சீயக்காய்.

அப்படிப்பட்ட மரத்தில் முதலில் ஏறும் உரிமை எங்களுக்குத்தான் என்று ஒரு குடும்பம் கோர்ட்டுக்குப் போனது.

போனவர் வேதகிரியின் தாத்தா பஞ்சாட்சரம். கோயிலில் பரிவட்டம் அவருக்குத்தான் முதலில், தீர்த்தம் அவருக்குத்தான் முதலில், சுண்டலும் அவருக்குத்தான் முதலில். 'முதல்' என்ற சொல் எங்கே காதில் விழுந்தாலும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். எதற்கு முதல் என்று விசாரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. வழுக்குமரத்திலும் முதல் உரிமை வேண்டும் என்றார். கீழத்தெரு மறுத்தது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. ஏரிப்பாசனத்து நிலம் ஒன்றை விற்றுச் செலவு செய்து தாத்தா ஜெயித்தார். பஞ்சாட்சரமும் அவர் வாரிசுகளுமே முதலில் ஏற வேண்டும். ஏறி முடித்தேன் என்று அவர்களே வாயால் சொல்லும்வரை வேறு யாரும் மரத்தில் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பு. தாத்தா ஊர் முழுக்கச் சர்க்கரை வழங்கினார். ஊருக்கு முன்னால் முதல் ஆளாக வழுக்கி விழும் உரிமை அவர் குடும்பத்துக்குச் சட்டப்படி உறுதியானது.

அன்றிலிருந்து இந்தச் சடங்கு மாறவில்லை. மாலை போட்டு, பரிவட்டம் கட்டி, நாதஸ்வரத்தோடு குடும்பத்து ஆண் வருவார். மரத்தைக் கட்டிப்பிடிப்பார். ஒரு முழம் ஏறுவார். சர்ரென்று இறங்குவார். மைக்கில் "ஏறினார்!" என்பார்கள். அவர் "முடிச்சேன்" என்பார். பிறகு முன்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கோலி சோடா குடிப்பார். தாத்தா செய்தார், அப்பா செய்தார், வேதகிரியும் செய்துகொண்டிருந்தார். இதில் அவமானம் எதுவும் இருப்பதாக அந்தக் குடும்பத்துக்குத் தோன்றியதே இல்லை, செந்தமிழன் எடுத்துச் சொல்லும்வரை.

செந்தமிழன் கீழத்தெரு. ஜேசிபி வாடகைக்கு விடுகிறவன். வரப்போகும் தேர்தலில் அவனுக்கும் தலைவர் நாற்காலிமேல் கண். வேதகிரிக்குத் தூரத்து உறவில் மருமகன் முறை என்பதால் வாய் நிறைய 'மாமா' போட்டுத்தான் பேசுவான். அந்த 'மாமா'வுக்குள் ஊசி இருக்கும். திருவிழாவுக்கு முந்தைய வாரம் பஜனை கோயில் கொட்டகையில் ஊர்க்கூட்டம் நடந்தபோது மைக்கை வாங்கினான்.

"மாமா குடும்பத்த யாருனா கொற சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். எங்க தெரு பசங்க வருசா வருசம் முடிச்ச அவுக்கறானுங்கன்னா யாரால? மொத ஆளா வந்து எண்ணெயத் தொடச்சிக் குடுத்துட்டுப் போறது யாரு? மூணு தலமொறையா தொடச்சிக்கினு கீறாங்க. கரித்துணி கூட ஒரு வருசத்துல கியிஞ்சி பூடும். இவங்க இன்னும் கியியல!"

கொட்டகை சிரித்தது. வேதகிரியின் சொந்தப் பங்காளிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அது இன்னும் மோசம்.

வேதகிரி எழுந்தார். மைக்கைப் பிடுங்கினார். அவருக்கு ஒரு கோளாறு உண்டு: கையில் மைக் வந்தால், மூளை வந்து சேர்வதற்குள் வாய் கிளம்பிவிடும்.

"இந்த வருசம் அந்த முடிச்ச நான் அவுப்பேன். அவுக்கலன்னா எலெக்சன்ல மனு போட மாட்டேன். இந்த வாட்டி இல்ல, இனிமே எந்த வாட்டியும் போட மாட்டேன். பஜன கோயில் சத்தியம்!"

ஒலிபெருக்கி ஊர் முழுக்கக் கட்டியிருந்தது. வெங்கடேசன் வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செந்தமிழன் முதல் ஆளாகக் கைதட்டினான். தேர்தலில் தனக்கு எதிராள் இல்லாமல் போனதை இவ்வளவு சுலபமாக எவனும் சாதித்ததில்லை.

வீட்டில் சுலோச்சனா அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். புருஷன் வந்ததும் கேட்டாள்.

"மைக்கு புடிச்சா வாயி தனியா போவுதா உங்களுக்கு?"

"சத்தியம் பண்ணிட்டேன் சுலோ."

"கேட்டுச்சி. காவாந்தண்டலம் வரைக்கும் கேட்டிருக்கும். இப்ப இன்னா பண்ணப் போறீங்க?"

"ஏறப் போறேன்."

"மாடிப்படி ஏறி தண்ணி டேங்க்க பாத்துட்டு வந்தாலே பத்து நிமிசம் மூச்சு வாங்குது." அவள் கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, நான் சொல்றத கேளுங்க. மொதல்ல ஏறுறத அந்த செந்தமிழனுக்கு உட்டுக் குடுத்துடுங்க. எல்லாரும் ஏறி வயுக்கட்டும். கடைசியா நீங்க போங்க. எண்ணெய் இருக்காது."

வேதகிரி சுவரைப் பார்த்தார். தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் தீர்ப்பின் நகல் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது. இரண்டுக்கும் குங்குமம் வைத்திருந்தது.

"தாத்தா கோர்ட்டுல ஜெயிச்சத நான் தெருவுல தூக்கிக் குடுக்கணுமா?"

"அப்ப மனு போட வேணாமா?"

"அதுவும் வேணும்."

"ரெண்டும் வேணும்னா என்னாண்ட கேக்காதீங்க. போயி மரத்தாண்ட கேளுங்க" என்று அவள் மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள்.

மரத்தைக் கேட்பதற்கு முன் எண்ணெயைக் கேட்டுப் பார்க்கலாம் என்று வேதகிரி உத்திரமேரூர் பஜாருக்கு வண்டியை விட்டார். திருவிழாவுக்கு எண்ணெய் கொடுப்பது காஜா மொய்தீன் கடை. காஜா பாய் வருஷம் தவறாமல் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து தன் சரக்கு வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகிறவர்.

"பாய், இந்த வருசம் எண்ணெய கொஞ்சம் கம்மி பண்ணிக்கலாம். சிக்கனமா நடத்தலாம்னு ஊர்ல முடிவு."

"எந்த ஊர்லண்ணே?" என்றார் காஜா பாய். "உங்க ஊரு செந்தமிழன் தம்பி காலையிலயே வந்துட்டு பூட்டாரு. இந்த வாட்டி டபுளு ஆர்டரு. அட்வான்ஸும் குடுத்துட்டாரு."

வேதகிரி கடை வாசலில் நின்றபடியே வியர்த்தார்.

"எதுக்குண்ணே பேஜாரு? நீங்களும் ஒரு பாட்டில் வாங்கிக்கினு போங்க. ராத்திரி குடிச்சிட்டுப் படுங்க. காலையில ஒடம்பு லேசா இருக்கும். ஏற சொகமா இருக்கும்."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேதகிரி பாட்டில் வாங்கவில்லை.

திருவிழா நாள் வந்தது. உறியடி முடிந்து, மூன்று மணி வெயிலில் மரம் பளபளவென்று நின்றது. இரண்டு பங்கு எண்ணெய் என்பதால் அடியில் குட்டையே கட்டியிருந்தது. சுற்று வட்டாரத்து ஜனம் பூராவும் வந்திருந்தது. ஒரு மனிதனின் அரசியல் வாழ்க்கை கண் முன்னால் முடிவதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? வெங்கடேசன் வாத்தியார் மைக்கோடு மேடையில் இருந்தார்.

"இதோ வருகிறார்! தோல்விகளின் உளியால் செதுக்கப்பட்ட எங்கள் குன்று! வேங்கையென நடந்து வருகிறார்!"

வேங்கை மாலையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தது. வேட்டியை மடித்துத் தார்ப்பாய்ச்சிக் கட்டியது. மரத்தைக் கட்டிப்பிடித்தது. ஒன்றரை முழம் ஏறியது. சர்ரென்று இறங்கி எண்ணெய்க் குட்டையில் தொப்பென்று உட்கார்ந்தது.

"ஏறினார்!" என்றார் வாத்தியார், பழக்க தோஷத்தில். நாதஸ்வரம் ஒலித்தது. கீழத்தெருப் பையன்கள் லுங்கியை இறுக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

'முடிச்சேன்' என்ற சொல் வேதகிரியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மூன்று தலைமுறைப் பழக்கம்; விழுந்ததும் தானாக வரும். ஆனால் அதைச் சொன்னால் மனு போச்சு, தேர்தல் போச்சு, எல்லாம் போச்சு. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். பிற்பாடு இதை ஒரு மாபெரும் ராஜதந்திரம் என்று வாத்தியார் எழுதினார். அந்த நேரத்தில் அது வெறும் பயம்.

வாயை மூடிக்கொண்டே எழுந்து மறுபடி மரத்தைக் கட்டிப்பிடித்தார்.

"மாமா, உங்க டர்னு முடிஞ்சிச்சி. தள்ளு" என்று செந்தமிழன் குரல் கொடுத்தான்.

"யார் சொன்னது?"

"நீதான் வியுந்துட்டியே!"

"வியுந்தேன். முடிச்சேன்னு சொன்னனா?"

செந்தமிழன் மேடையைப் பார்த்தான். வாத்தியாருக்குத் தீர்ப்பு மனப்பாடம். ஊருக்கே மனப்பாடம். "ஏறி முடித்தேன் என்று அவர்களே வாயால் சொல்லும்வரை" என்று மைக்கில் ஒப்பித்துவிட்டு, சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தவர்போல் ஒரு கணம் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அதுக்கோசரம் பொயுது பூரா வயுக்கிக்கினே இருப்பியா?"

"இருப்பேன்டா. மொதல்ல வயுக்கறது என் உரிமை. எத்தினி வாட்டின்னு கோர்ட்டுல கேக்கல." வேதகிரி முகத்திலிருந்து வெந்தய விழுதை வழித்துப் போட்டார். "கரித்துணின்னு சொன்ன இல்ல? ஆமாடா, துணிதான். இத்தினி நாளு உனக்குத் தொடச்சேன். இன்னிக்கு எனக்குத் தொடச்சிக்கறேன்."

கூட்டத்தில் எங்கேயோ ஒரு விசில் பறந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை ஏற்றம் என்று சொல்வது சரியாகாது. வேதகிரி வழுக்கினார். எழுந்தார். மண்ணில் புரண்டு உடம்பு எண்ணெயைப் போக்கிக்கொண்டு வந்து மறுபடி வழுக்கினார். அவர் உடம்பில் எதையெல்லாம் ஊர் கேலி செய்ததோ அதெல்லாம் அன்றைக்கு வேலை செய்தது. கீழத்தெரு ஒல்லிப் பையன் ஒருவன் ஏறினால் ஒரு கோடு அளவுக்குத்தான் எண்ணெய் போகும். வேதகிரி கட்டிப்பிடித்தால் மரத்தின் பாதிச் சுற்றளவு அவர் வயிற்றுக்குள் புதைந்துவிடும். ஒருமுறை சறுக்கி வந்தால் பின்னால் சுத்தமான தேக்கு தெரியும். மார்பு முடி வேறு பிரஷ் மாதிரி தேய்த்துக்கொண்டே வந்தது.

செந்தமிழன் பொறுத்துப் பார்த்தான். பிறகு தன் ஆட்களிடம், "மஞ்சத்தண்ணி அடிங்கடா! தண்ணி அடிக்கக் கூடாதுன்னு தீர்ப்புல கீதா?" என்றான். இல்லை. பக்கெட் பக்கெட்டாக மஞ்சள் தண்ணீர் பறந்தது. அதில் வேதகிரி இன்னும் நாலைந்து முறை விழுந்தார். ஆனால் மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த வெந்தய விழுதெல்லாம் அந்தத் தண்ணீரோடு கழுவிக்கொண்டு போனது. இதைக் கீழத்தெரு கண்டுபிடித்து நிறுத்துவதற்குள் மரம் குளித்து முடித்திருந்தது.

நாதஸ்வரக்காரர் ஒவ்வொரு விழுதலுக்கும் ஊதி ஓய்ந்து, வாத்தியத்தை மடியில் கிடத்திவிட்டார். வாத்தியாருக்கு உவமைகள் தீர்ந்தன. வேங்கை சிங்கமாகி, சிங்கம் களிறாகி, களிறு இமயமாகி, கடைசியில் வெறுமனே "வேதகிரி மறுபடியும் விழுந்தார்" என்று கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். முதலில் சிரித்த கூட்டம், பிறகு கொட்டாவி விட்ட கூட்டம், இப்போது அவர் விழும்போதெல்லாம் "ச்சே!" என்றது. அந்த "ச்சே" கீழத்தெருப் பக்கத்திலிருந்தும் வந்ததைச் செந்தமிழன் கவனித்தான்.

"எங்கூட்டு ஆளா இருந்தா இந்நேரம் போயி நாஷ்டா துன்ன குந்தியிருக்கும்" என்றாள் கீழத்தெருக்காரி ஒருத்தி. "இந்த மனுசன் பாரேன், வியுறதுக்கே பொறந்த மாரி கீறாரு."

சுலோச்சனா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியிலேயே நின்றாள். விழும் இடத்தில் கல் எதுவும் கிடந்தால் காலால் தள்ளிவிட்டாள்.

வெயில் இறங்கும் நேரத்தில் வேதகிரி கிளம்பிய ஏற்றத்தில் ஏதோ வித்தியாசம் இருந்தது. கம்பளிப்பூச்சி மாதிரி இழுத்து இழுத்துப் போனார். பாதி மரத்தைத் தாண்டினார். வழக்கமாகச் சறுக்கும் இடம் வந்தது. அவரும் கண்ணை மூடிக்கொண்டு சறுக்குவதற்குத் தயாரானார். சறுக்கவில்லை. அங்கேயே நின்றது உடம்பு.

கீழே பார்த்தார். தலை சுற்றியது.

"ஏ சுலோ!"

"இன்னாங்க?"

"வயுக்கல!"

"நல்லதுதான! ஏறுங்க!"

"இல்ல, எறங்கிடறேன். தல சுத்துது. மூச்சு முட்டுது."

"சரி, எறங்குங்க!"

வேதகிரி ஒரு காலைக் கீழே நீட்டித் துழாவிப் பார்த்துவிட்டு மறுபடி மேலே இழுத்துக்கொண்டார்.

"எப்பிடி எறங்கறது?"

கேள்வி நியாயமானதுதான். தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் யாரும் மரத்திலிருந்து இறங்கியதில்லை. வழுக்கி வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இறங்குவது என்பது தனி வித்தை. ஏறத் தெரிந்தவர்களுக்குத்தான் அது தெரியும். வேதகிரி தன் வழுக்கலையே நம்பி மேலே போய்விட்டார். இப்போது பார்த்தால், வழுக்குவதற்கு ஒரு சொட்டு எண்ணெயை அவர் விட்டு வைக்கவில்லை.

"சொம்மா கைய உட்டுடு மாமா, தானா வந்துடுவ!" என்றான் செந்தமிழன்.

"நீ வாய மூடு!" என்று முதல் தடவையாகச் சுலோச்சனா சீறினாள். பிறகு அண்ணாந்து, "இன்னாங்க, கீய பாக்காதீங்க. கீய வர வயியில்ல. அப்ப மேலதான் வயி. போங்க!" என்றாள்.

கை விட்டால் சாவு. அப்படியே இருந்தால் கை தானாக விட்டுவிடும். வேதகிரிக்கு வேறு வழி இல்லாமல் போனது. ஒரு சாண் ஏறினார். அழுகிற குரலில் யாரையோ திட்டினார். தாத்தாவை என்று பிறகு தெரிந்தது. இன்னொரு சாண் ஏறினார். தேர்தல், மனு, செந்தமிழன் எல்லாம் மறந்து போயிருந்தது. மேலே பிடித்துக்கொள்ளக் கப்பி இருக்கிறது என்பது ஒன்றுதான் அவர் ஞாபகத்தில் இருந்தது. அந்தக் கப்பியை எட்டிப் பிடித்து, காலை மரத்தில் பின்னிக்கொண்டு, பெரிய மூச்சாக விட்டார். அங்கிருந்து ஏரி தெரிந்தது. ஏரிக்குள் பாதி நின்றபடி கிரி நகரின் எல்லைக் கற்கள் தெரிந்தன. தூரத்திலிருந்து பார்க்க மனை நன்றாகத்தான் இருந்தது.

"முடிச்சி! முடிச்சி!" என்று கீழே ஊரே கத்தியது.

எந்த முடிச்சு என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு மூக்குக்கு நேரே மஞ்சள் துணி ஆடியதைப் பார்த்தார். அவிழ்க்க ஒரு கையை எடுக்கப் பயந்து, பல்லால் இழுத்தார். முடிச்சு அவிழ்ந்தது. தேங்காய் விழுந்து செந்தமிழனின் காலடியில் உடைந்தது. பட்டுவேட்டி காற்றில் விரிந்து இறங்கியது.

வேப்பந்தண்டலத்தில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன் எழுந்ததில்லை. நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை வாரி எடுத்தார். வாத்தியார் மைக்கில் அழுதார். கீழத்தெருப் பையன்கள் ஆடினார்கள். செந்தமிழனும் கைதட்டினான், தட்டாமல் நின்றால் தனியாகத் தெரியும் என்ற கணக்கு அவனுக்குத் தெரியும்.

"சரி, இப்ப எறக்குங்கடா!" என்று மேலிருந்து வீரன் குரல் கொடுத்தார்.

ஏணி தேடினார்கள். ஊரில் இருந்த ஏணி பாதி மரத்துக்குத்தான் எட்டியது. கப்பிக் கயிறு உறிப்பானையைத் தாங்குமே தவிர அவரைத் தாங்காது. தீயணைப்பு வண்டிக்குப் போன் போடலாம் என்று யாரோ சொன்னதும், "போடாத! பேப்பர்ல வந்துடும்!" என்று உச்சியிலிருந்து அலறல் வந்தது. வீரனை நாலு பேர் தூக்கி இறக்கும் படம் தேர்தலுக்கு உதவாது என்ற தெளிவு மட்டும் அந்த உயரத்திலும் அவரிடம் இருந்தது.

முன்வரிசையிலிருந்து காஜா பாய் எழுந்தார்.

"வேதகிரிண்ணே! கேன்ல கொஞ்சம் மிச்சம் கீது. அனுப்பட்டுமா?"

யோசிக்க நேரமில்லை. "அனுப்பு பாய்!"

கப்பிக் கயிற்றில் எண்ணெய்க் கேனைக் கட்டி ஊரே இழுத்து மேலே அனுப்பியது. சாயங்காலம் பூராவும் பாடுபட்டு ஒரு சொட்டு விடாமல் துடைத்த மரத்துக்கு, வேதகிரி தன் கையாலேயே மேலிருந்து எண்ணெய் ஊற்றினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, தாத்தாவும் அப்பாவும் சொல்லிக்கொடுத்த ஒரே வித்தையைச் செய்தார். சர்ரென்று வந்து சேர்ந்தார். அன்றைக்கு அவர் வழுக்கியதிலேயே அதுதான் நீளமானது, அழகானதும்கூட.

"முடிச்சேன்" என்றார்.

சுலோச்சனா எண்ணெய் சொட்டச் சொட்ட அவருக்கு மாலையைப் போட்டாள்.

மறுநாள் ஒரு யூடியூப் சேனல்காரன் வந்து மைக்கை நீட்டினான். "சார், இந்த வயசுல எப்பிடி ஏறினீங்க? எது உங்கள உந்தித் தள்ளிச்சி?"

வேதகிரிக்கு உடம்பெல்லாம் வலி. பொய் சொல்லத் தெம்பில்லை. "எறங்கத் தெரியலப்பா. அதான் ஏறிட்டேன்" என்றார்.

உண்மையைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தால் அதுவும் நடக்கவில்லை. எவ்வளவு தன்னடக்கம் என்று ஊர் சிலிர்த்தது. பஸ் நிறுத்தத்தில் பழைய ஃப்ளெக்ஸை இறக்கிவிட்டு வாத்தியார் புதிதாக ஒன்று எழுதிக் கட்டினார்: 'இறங்கத் தெரியாத தலைவர்.' இந்தத் தடவை கயிறு பிடிக்க உண்மையாகவே தொண்டர்கள் வந்தார்கள். கீழத்தெருவிலிருந்தும் இரண்டு பேர். காஜா பாய் கடையில் விளக்கெண்ணெய் கேட்டு வருகிறவர்களிடம், "அண்ணன் ஏறின பிராண்டு" என்று சொல்லி எடுத்துக் கொடுத்தார்.

மனுத்தாக்கலன்று மேளமும் பட்டாசுமாக ஒன்றிய அலுவலகத்துக்கு ஊர்வலம் போனது. செந்தமிழன் முன்னாடியே மனு போட்டுவிட்டு வெளியே வந்துகொண்டிருந்தான். "வா மாமா" என்றான். இந்த 'மாமா'வில் ஊசி கொஞ்சம் மழுங்கியிருந்தது. உள்ளே அதிகாரி அந்த யூடியூப் வீடியோவைப் பார்த்தவர். எழுந்து கைகொடுத்தார். எதிரே இருந்த நாற்காலியைத் தன் கையாலேயே இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார்.

வேதகிரி நின்றபடியே குனிந்து கையெழுத்துப் போட்டார்.

"பரவால்ல சார், உக்காந்து நிதானமா போடுங்க."

"இருக்கட்டும்" என்றார் வேதகிரி.

விழுந்து விழுந்து அவருடைய வாலெலும்பு வீங்கியிருந்தது. ஒரு மாதத்துக்கு எந்த நாற்காலியிலும் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.